அழாதவர்கள் கல்நெஞ்சக்காரர்களா?

"தாத்தா தூக்கி வளத்த புள்ள. ஒரு சொட்டு கண்ணீர் வருதா பாரு!"

2019ஆம் ஆண்டு. அப்போது நான் நான்காம் படிவ மாணவி. வீட்டுக் கூடத்தில் தாத்தாவைக் கிடத்தியிருந்தார்கள். வாசலில் கூடாரம் போட்டாயிற்று. வந்தவர்களுக்குத் தண்ணீர் போத்தல் எடுத்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. பெரியத்தை மேற்கண்டதைப் பக்கத்தில் இருந்தவரிடம்தான் சொன்னார். ஆனால், என் காதில் விழும்படி சொன்னார். விழுந்தது. நான் அடுத்த தண்ணீர்ப் பெட்டியைப் பிரித்தேன்.

அழாதவளுக்குத் துக்கம் இல்லையா? துக்கம் என்பதைக் கண்ணீரால் மட்டும்தான் காட்ட முடியுமா? இந்தக் கேள்விக்கு எனக்கு அன்று பதில் தெரியவில்லை. பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகு ஒரு நாவலில் அதன் தொடக்கம் கிடைத்தது. சில திரைப்படங்களில் மீதி கிடைத்தது. அதைச் சக மாணவர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். பேரவை உறுப்பினர்களில் பலர் இன்று கைப்பேசியிலேயே குறும்படம் எடுக்கிறோம் என்பதால் இது நமக்குத் தேவையான பேச்சு என்றும் நம்புகிறேன்.

பாலில் கலந்த காப்பியும் ஒரு கொலை வழக்கும்

ஆல்பெர் காம்யு 1942இல் வெளியிட்ட பிரெஞ்சு நாவலை வெ. ஸ்ரீராம் 'அந்நியன்' என்ற பெயரில் தமிழுக்குத் தந்திருக்கிறார். கதைநாயகன் மெர்சோ. அல்ஜீரியாவில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்பவன். முதியோர் இல்லத்தில் இருந்த அவன் தாயார் இறந்துவிடுகிறார். அவன் போகிறான். பிணத்தருகே விழித்திருக்கும் இரவில் பால் கலந்த காப்பி குடிக்கிறான், சிகரெட் பிடிக்கிறான், அழவில்லை. பின்னர் கடற்கரையில் ஓர் அராபியனைச் சுட்டுக் கொல்கிறான். வழக்கு நடக்கிறது. ஆனால், நீதிமன்றத்தில் கொலையைவிட அதிகமாகப் பேசப்படுவது அந்தக் காப்பியும் அந்தச் சிகரெட்டும் வராத அந்தக் கண்ணீரும்தான்!

விடுதி அறையில் அப்பகுதியைப் படித்தபோது எனக்குப் பெரியத்தையின் குரல் கேட்டது. மெர்சோ கொலைகாரன், அவனை நான் நியாயப்படுத்தவில்லை. கொல்லப்பட்டவனுக்கு நாவலில் ஒரு பெயர்கூட இல்லை என்பதும் உறுத்தத்தான் செய்தது. ஆயினும், ஒரு மனிதன் செய்த குற்றத்தை விட்டுவிட்டு அவன் காட்டாத உணர்ச்சிக்காக ஊர் அவனைத் தண்டிக்கிறதே, அந்த இடம் எனக்கு நன்கு தெரிந்த இடம்.

இவ்வகை எழுத்தை அபத்த இலக்கியம் என்கிறார்கள். மனிதன் இந்த உலகத்திடம் பொருள் கேட்கிறான். உலகம் பதில் சொல்வதில்லை. இந்த முரண்பாட்டைத்தான் காம்யு அபத்தம் என்றார். அதே 1942இல் வந்த 'சிசிபஸ் தொன்மம்' என்ற கட்டுரை நூலில் இதை விரிவாக விளக்கினார். அந்த விளக்கத்தைவிட எனக்கு முக்கியமாகப்பட்டது வேறொன்று. அது அவர் எழுதிய முறை. 'ஆகையால்', 'ஏனென்றால்' என்று வாக்கியங்களை ஒட்டவைக்கும் சொற்களை நாவலில் அவர் பெரும்பாலும் தவிர்த்துவிட்டார். இது நடந்தது. பிறகு அது நடந்தது. அவ்வளவே. 1943இல் இந்நாவலைப் பற்றி எழுதிய சார்த்தர், அதன் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு தீவுக்கு ஒப்பிட்டார்.

நாம் கற்றுக்கொண்ட அழுகை

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். கட்டுரை என்றால் நாம் என்ன செய்தோம்? மரபுத்தொடர், உவமைத்தொடர், இணைமொழி எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறக்கினோம். விபத்து என்றால் இரத்த வெள்ளம். சாவு என்றால் தாரை தாரையாகக் கண்ணீர். அனலில் இட்ட மெழுகுபோல் உள்ளம் உருகியாக வேண்டும். நான் ஆறாம் ஆண்டில் எழுதிய கட்டுரைகளில் குறைந்தது பத்துப் பேரையாவது கொன்று, அத்தனை பேருக்காகவும் குமுறிக் குமுறி அழுதிருப்பேன். புள்ளிகளும் கிடைத்தன.

அந்தப் பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தமிழைத் தந்தது. ஆனால், நம் குறும்படங்களைப் பார்க்கும்போது அதே கட்டுரைதான் கேமராவால் எழுதப்படுகிறதோ என்று தோன்றுகிறது. தாய் இறக்கிறாள், உடனே வயலின். மகன் முகம் அண்மைக் காட்சியில். பிறகு பழைய நினைவுகள் மங்கலான நிறத்தில். போதாக்குறைக்கு ஒரு குரல் வந்து தாயின் பெருமையை விளக்குகிறது. பார்வையாளர் உணர வேண்டியதை எல்லாம் படமே உணர்ந்து முடித்துவிடுகிறது. நமக்கு மிச்சம் என்ன?

ஒப்பாரியை நான் இதில் சேர்க்கமாட்டேன். என் பெரியத்தை ஒப்பாரி வைத்தால் கூடாரத்தில் சீட்டு விளையாடுபவர்கள்கூட நிறுத்திவிடுவார்கள். இறந்தவரின் வாழ்க்கை முழுவதும் அதில் இருக்கும். அது கலை. பொத்தானை அழுத்தினால் வரும் வயலின் அந்த வகையைச் சேர்ந்ததன்று.

எழுத்திலிருந்து திரைக்கு

அபத்த இலக்கியத்தின் அந்த ஒட்டாத நடை திரைப்படத்தில் எப்படி இருக்கும்? நான் பார்த்த படங்களிலிருந்து மூன்று வழிகளைக் காட்டலாம்.

முதலாவது, தீவுகளாகும் காட்சிகள். அமெரிக்க இயக்குநர் ஜிம் ஜார்முஷ் 1984இல் எடுத்த 'ஸ்ட்ரேஞ்சர் தேன் பாரடைஸ்' கறுப்பு வெள்ளைப் படம். ஒவ்வொரு காட்சியும் வெட்டில்லாத ஒரே ஓட்டம். அது முடிந்ததும் திரை சில நொடிகள் கறுப்பாகிறது. பின் அடுத்த காட்சி. ஒருவர் பேசும்போது கேட்பவரின் முகத்தைத் தனியாகக் காட்டும் வழக்கம் இங்கே கிடையாது. ஹங்கேரியிலிருந்து வந்த ஈவா, முன்பே வந்து தன்னை அமெரிக்கனாக்கிக்கொண்ட உறவினன் வில்லியின் சிறிய வீட்டில் தங்குகிறாள். பின்னர் வில்லியும் அவன் நண்பனும் கிளீவ்லந்துக்குப் போகிறார்கள். ஈவா அவர்களைப் புகழ்பெற்ற ஏரியைக் காட்ட அழைத்துப் போகிறாள். பனியில் ஏரியே தெரியவில்லை. வெறும் வெள்ளை. மூவரும் நின்று பார்க்கிறார்கள். ஏமாற்றத்தை யாரும் விளக்கவில்லை, இசையும் எழவில்லை. எனக்கோ தோட்டத்தை விட்டு நகரத்திற்கு வந்த எங்கள் தாமான் வீடுகள் நினைவுக்கு வந்தன. காம்யுவின் வாக்கியங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம்தான் இங்கே கறுப்புத் திரையாக வருகிறது என்பது என் கருத்து.

இரண்டாவது, யாரும் வியப்படையாமை. 1915இல் வெளிவந்த காஃப்காவின் 'உருமாற்றம்' கதையில் கிரெகோர் சாம்சா ஒரு காலையில் பூச்சியாக மாறிக் கண்விழிக்கிறான். அவன் கவலை என்ன தெரியுமா? ஐந்து மணி இரயிலைத் தவறவிட்டுவிட்டோமே, மேலாளர் என்ன சொல்வாரோ என்பதுதான்! நடப்பது பயங்கரம், சொல்லும் குரலோ அலுவலக அறிக்கை. கிரேக்க இயக்குநர் யோர்கோஸ் லாந்திமோஸ் 2015இல் எடுத்த 'தி லாப்ஸ்டர்' படத்தில் இதே முறையைக் காணலாம். துணையில்லாதவர்கள் ஒரு தங்குவிடுதிக்கு அனுப்பப்படுகிறார்கள். 45 நாள்களுக்குள் துணை தேடாவிட்டால் விலங்காக மாற்றப்படுவார்கள். நாயகன் கூடவே ஒரு நாயை அழைத்து வருகிறான்; அது அவன் அண்ணன்! இதை அவர்கள் மளிகைச் சாமான் பட்டியல் வாசிப்பதுபோல் பேசிக்கொள்கிறார்கள். நமக்குச் சிரிப்பு வருகிறது. பிறகு, 'ஏம்மா, இன்னும் கல்யாணம் ஆகலையா?' என்று விருந்துகளில் கேட்கப்படும் நம் அக்காமார்கள் நினைவுக்கு வருகிறார்கள். சிரிப்பு நின்றுவிடுகிறது. நடிகர்கள் அலறியிருந்தால் அது ஒரு பேய்ப்படம். அலறாததால் அது நம் வீடு.

மூன்றாவது, காத்திருப்பு. சாமுவேல் பெக்கெட்டின் 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' 1953 சனவரியில் பாரிஸில் முதன்முதலாக மேடையேறியது. இருவர் காத்திருக்கிறார்கள். வர வேண்டியவர் வரவில்லை. கதை என்று சொல்லப்போனால் அவ்வளவுதான். காலத்தை நிரப்பாமல் அப்படியே நம்முன் வைத்த துணிச்சல் அது. இந்தத் துணிச்சலைத் திரையில் நான் அதிகம் கண்டது சாய் மிங்-லியாங்கின் படங்களில்.

அவர் யாரோ எங்கோ இருப்பவர் அல்லர். 1957இல் சரவாக் மாநிலத்தின் கூச்சிங்கில் பிறந்தவர். இளைஞராகத் தைவானுக்குச் சென்று அங்கே இயக்குநரானார். 1994இல் அவருடைய 'வீவ் லமூர்' வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் விருதைப் பெற்றது. தைப்பேயில் விற்பனைக்குக் காலியாகக் கிடக்கும் ஒரு வீட்டில் மூன்று பேர் தனித்தனியாக வந்து போகிறார்கள். ஒருத்தி வீடு விற்கும் முகவர். ஒருவன் தெருவோரத்தில் துணி விற்பவன். இன்னொருவன் அஸ்தி வைக்கும் மாடங்களை விற்பவன். பேச்சு மிகக் குறைவு. பின்னணி இசை அறவே இல்லை. இறுதியில் அந்தப் பெண் முகவர் பூங்காவில் ஒரு நீண்ட இருக்கையில் உட்கார்ந்து அழுகிறாள். கேமரா நகராமல் ஏறக்குறைய ஆறு நிமிடம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஏன் அழுகிறாள் என்று யாரும் சொல்லவில்லை.

ஒட்டாத திரைமொழி அழுகைக்கு எதிரி என்று நினைத்திருந்த என்னை அந்த ஆறு நிமிடம் திருத்தியது. படம் முழுக்க யாரும் நம்மை அழச் சொல்லாததால்தான் அந்த அழுகை நம்முடையதாகிறது.

2006இல் அவர் கோலாலம்பூருக்கே வந்து 'நான் தனியாக உறங்க விரும்பவில்லை' என்ற படத்தை எடுத்தார். கட்டி முடிக்கப்படாமல் கைவிடப்பட்ட ஒரு கட்டடம், அதற்குள் தேங்கிய நீர், தெருவழியே தூக்கிச் செல்லப்படும் ஒரு பழைய மெத்தை, ஊரை மூடும் புகைமூட்டம், அதற்குள் வாழும் அந்நியத் தொழிலாளர்கள். நாம் இரயிலில் கடந்து போகும் நகரம்தான். முதலில் நம் நாட்டுத் தணிக்கை வாரியம் தடை விதித்தது. பின்னர் சில வெட்டுகளோடு 2007இல் இங்கு திரையிடப்பட்டது. நம் தலைநகரின் தனிமையை இவ்வளவு பொறுமையாகப் பார்த்த வேறொரு படத்தை நான் கண்டதில்லை.

இரண்டு மொழிகளுக்கு நடுவே

இங்கே ஒரு கேள்வி எழலாம். 'இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் பாணி. தமிழனுக்கு உணர்ச்சிதானே உயிர்?'

இக்கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டபோது என் முதல் படிவம் நினைவுக்கு வந்தது. தமிழ்ப்பள்ளியில் மேடையேறிப் பேசிய நான், தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் ஊமையானேன். மலாய் தெரியாமல் இல்லை. ஆனால், உணர்ச்சிக்கு உரிய மலாய் என்னிடம் இல்லை. 'ஆம்', 'இல்லை', 'வீட்டில் விட்டுவிட்டேன்', 'சாப்பிட்டுவிட்டேன்' என்று சின்னச் சின்ன வாக்கியங்களில் ஓராண்டை ஓட்டினேன். கழிப்பறையில் அழுதுவிட்டு வந்து, கண்ணில் தூசி என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவேன். 'அவளுக்கு எதுவுமே பாதிக்காது' என்று வகுப்பில் சொல்லிக்கொண்டார்கள்.

அபத்த எழுத்தாளர்களைப் பற்றிப் படித்தபோது நான் வியந்தது இதைத்தான். அவர்களில் பலர் இப்படி மொழிகளுக்கு நடுவே நின்றவர்கள். பெக்கெட் அயர்லாந்துக்காரர், தாய்மொழி ஆங்கிலம். கோதோவைப் பிரெஞ்சில் எழுதினார். அம்மொழியில் அலங்காரமின்றி எழுதுவது தமக்கு எளிது என்பது அவர் சொன்ன காரணம். ருமேனியாவில் பிறந்த இயொனெஸ்கோ, பாடநூல் வைத்து ஆங்கிலம் கற்க முயன்றார். தரை கீழே இருக்கிறது, கூரை மேலே இருக்கிறது என்பதுபோன்ற அதன் வாக்கியங்களிலிருந்துதான் 1950இல் மேடையேறிய 'வழுக்கைத்தலைப் பாடகி' பிறந்தது. காஃப்கா செக் மொழி பேசும் பிராக் நகரில் ஜெர்மன் மொழியில் எழுதிய யூதர். காம்யுவின் தாயார் எழுதப் படிக்கத் தெரியாதவர். காதும் சரியாகக் கேட்காது. மிகக் குறைவாகவே பேசுவார். ஜார்முஷின் ஈவா குடியேறி. சாய் மிங்-லியாங் கூச்சிங்கிற்கும் தைப்பேக்கும் இடைப்பட்டவர்.

உணர்ச்சி இல்லாததால் இவர்கள் இப்படி எழுதவில்லை. கைவசம் இருந்த ஆயத்தச் சொற்கள் தங்கள் உணர்ச்சிக்குப் பொருந்தாததால் எழுதினார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசியப் பள்ளிக்குப் போன ஒவ்வொருவருக்கும் இந்த நிலை தெரியும். எனவே, இந்தத் திரைமொழி நமக்கு அந்நியமானதன்று. நாம் வாழ்ந்து பார்த்த மொழிதான் அது, கலையாக்கத்தான் தயங்குகிறோம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. கதையை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பயனில்லை. பாணியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பயனில்லை. இத்தாலியின் பெரும் இயக்குநர் விஸ்கோந்தி 1967இல் 'அந்நியன்' நாவலையே படமாக்கினார். மார்செல்லோ மாஸ்த்ரோயானி மெர்சோவாக நடித்தார். நிகழ்ச்சிகள் எல்லாம் இருந்தன. ஆனால், காம்யுவின் வாக்கியங்களுக்கு இடையிலிருந்த வெற்றிடத்தை அதில் நான் காணவில்லை. 2025 வெனிஸ் விழாவில் பிரான்சுவா ஓசோன் இதே நாவலைக் கறுப்பு வெள்ளைப் படமாகத் திரையிட்டார் என்றால், அந்த வெற்றிடம் இன்னமும் இயக்குநர்களை அழைத்துக்கொண்டிருக்கிறது என்றுதானே பொருள்? மறுபக்கம், நடிகரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து ஐந்து நிமிடம் கேமராவை ஓடவிட்டால் அது சாய் மிங்-லியாங் ஆகிவிடாது. உள்ளே பெரும் துக்கம் ஒன்று இருக்க வேண்டும். அப்போதுதான் வெளியே காட்டாமல் இருப்பதற்குப் பொருள் உண்டு. ஒன்றுமே இல்லாதவர் எதை அடக்குவது?

பத்து வெள்ளி

கடந்த ஆண்டு நானும் மூன்று தோழிகளும் ஒரு குறும்படம் எடுத்தோம். தாத்தா இருந்தவரை மாதந்தோறும் அவர் தொலைபேசிக்குப் பத்து வெள்ளிக்கு டாப்-அப் போடுவது என் வேலை. அவர் இறந்து மூன்று வாரம் கழித்து, ரொட்டி வாங்கப் போன கடையில் பழக்கதோஷத்தில் அவருடைய எண்ணைச் சொல்லிவிட்டேன். கடைக்காரர் போட்டும் விட்டார். பணத்தைக் கொடுத்தேன். இரசீதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். தொலைபேசி மேசை இழுப்பறையில் அணைந்து கிடந்தது. இரசீதை அதன்மேல் வைத்து மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் எங்கள் கதை.

முதல் படத்தொகுப்பில் நாங்களும் வயலின் சேர்த்திருந்தோம். தாத்தாவோடு சிரிக்கும் நினைவுக் காட்சிகள், பேத்தியின் குரல், கண்ணீர் எல்லாம் இருந்தன. போட்டுப் பார்த்தபோது நால்வருமே அழுதோம். மறுநாள் மீண்டும் பார்த்தேன். அழுகை வரவில்லை, கூச்சம்தான் வந்தது. நான் அந்தக் கடையில் அழவில்லையே! பிறகு ஒவ்வொன்றாக நீக்கினோம். இசை போனது. குரல் போனது. நினைவுக் காட்சிகள் போயின. கடைசியில் கடை, எண், பணம், நடை, இழுப்பறை மட்டும் நின்றன. பன்னிரண்டு நிமிடப் படம் ஏழு நிமிடமானது.

ஒரு போட்டிக்கு அனுப்பினோம். பரிசு கிடைக்கவில்லை. 'உணர்ச்சி போதவில்லை, பின்னணி இசை சேர்த்திருக்கலாம்' என்று நடுவர் குறிப்பு வந்தது. திரையிட்டபோது டாப்-அப் காட்சியில் சிலர் சிரித்தார்கள். முதலில் அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது. இப்போது யோசித்தால், இறந்தவருக்கு டாப்-அப் போடுவது வேடிக்கைதான். கோதோ நாடகத்தை ஆங்கிலத்தில் தந்தபோது பெக்கெட் அதைத் துன்ப இன்ப நாடகம் என்றே அடையாளப்படுத்தினார். இரண்டும் ஒரே இடத்தில் இருக்க முடியும்.

விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் காட்டினேன். பார்த்து முடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் அடுப்பில் குழம்பைக் கிளறினார். சற்று நேரம் கழித்து அங்கிருந்தே கேட்டார்:

"அந்த போன எங்க வச்சிருக்க?"

எனக்கு அந்த ஒரு கேள்வி போதும். படம் அவருக்கு எதையும் சொல்லித் தரவில்லை; அவராகவே தம் அப்பாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நண்பர்களே, எல்லாப் படங்களும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. நம்மில் ஒப்பாரி வைக்கத் தெரிந்தவர்கள் வைக்கட்டும். ஆனால், அடுத்த முறை படத்தொகுப்புக்கு உட்காரும்போது ஒரே ஒரு காட்சியில் இசையை நிறுத்திப் பாருங்கள். விளக்கும் குரலை எடுத்துவிடுங்கள். அழும் முகத்திற்குப் பதிலாக அந்தக் கை என்ன வேலை செய்கிறது என்று காட்டுங்கள். காட்சி செத்துவிட்டால் அதில் முதலிலிருந்தே உயிர் இருந்ததில்லை. பிழைத்துக்கொண்டால் அந்த உயிர் உங்களுடையது.

மரண வீட்டில் ஒரு பெண் அழாமல் தண்ணீர் போத்தல் கொடுத்துக்கொண்டிருந்தாலும் சட்டென்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அவளிடமும் சொல்ல ஒரு கதை இருக்கலாம். சில ஆண்டுகள் கழித்து அதை அவள் படமாக எடுத்துக் காட்டவும் கூடும்.